பண்டிகைக்கு ஒரு வீட்டு அடுப்பு போதாது

திருப்பதியில் குடியிருக்கிறோம் என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் முதலில் கேட்பது தரிசனத்தைப் பற்றி. அடுத்தது லட்டு. மலைக்குக் கீழே ஒரு ஊர் இருக்கிறது, அங்கே காலையில் பால் பாக்கெட் வருகிறது, குழாயில் தண்ணீர் வந்ததா என்று எதிர்வீட்டிலிருந்து குரல் கேட்கிறது, பிள்ளைகள் டிபன் டப்பாவோடு பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள் என்பதெல்லாம் பலருக்குத் தோன்றுவதே இல்லை. இந்தப் பதிவு அந்தக் கீழூரைப் பற்றியது. அங்கே எப்படிச் சமைக்கிறோம், எப்படி விருந்து வைக்கிறோம் என்பதைப் பற்றியது.

நான் பிறந்தது சித்தூரில், கிரீம்ஸ்பேட்டைப் பக்கம். வாழ்க்கைப்பட்டு வந்தது திருப்பதிக்கு, தாத்தய்யகுண்டா கங்கம்மா கோயிலுக்கு நடந்துபோகிற தூரத்தில் ஒரு தெரு. இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 70 கிலோமீட்டர். இரண்டு ஊரிலும் எங்களுக்கு வீட்டுக்குள் தமிழ், வாசலில் தெலுங்கு. எதிர்வீட்டு வதினா (தெலுங்கில் அண்ணி) ரெட்டி வீட்டுப் பெண். மாடியில் ஒரு ஐயர் மாமி. நாலு வீடு தள்ளி பாய் வீட்டு அக்கா. இவர்கள் இல்லாமல் என் வீட்டில் ஒரு பண்டிகையும் நடந்ததில்லை.

"இவ்வளவு பேருக்கு எப்படித் தனியா சமைக்கிறீங்க?" என்று சென்னையிலிருந்து வரும் உறவுப் பெண்கள் கேட்பார்கள். தனியாகச் சமைப்பதே இல்லை என்பதுதான் என் பதில். இந்த ஊரில் யாரும் தனியாக விருந்து வைப்பதில்லை. அந்த ஏற்பாட்டை விவரமாக எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

வருஷம் முழுக்க விருந்தாளி

மற்ற ஊர்களில் விருந்தாளிக்கு ஒரு சீசன் உண்டு. திருப்பதியில் கிடையாது. புரட்டாசிச் சனிக்கிழமை, பிரம்மோற்சவம், பள்ளி லீவு, குழந்தைக்கு முடி இறக்குவது, கல்யாணம் முடிந்த கையோடு புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும், கார்த்திகையில் திருச்சானூர் பஞ்சமி தீர்த்தம் என்று ஏதாவது ஒரு காரணம் இருந்துகொண்டே இருக்கும். 300 ரூபாய் தரிசன டிக்கெட் ஆன்லைனில் சுமார் 3 மாதம் முன்பே வந்துவிடுவதால், "டிக்கெட் கிடைச்சிருச்சு" என்ற போன் வரும்போதே காலண்டரில் குறித்துக்கொள்வேன். டிக்கெட் கிடைக்காமல் வருகிறவர்களும் உண்டு. அவர்கள் ராத்திரியில் விஷ்ணு நிவாசத்திலோ ஸ்ரீநிவாசத்திலோ இலவச தரிசன டோக்கனுக்கு வரிசையில் நிற்பார்கள். அவர்களுக்கு வேறு கணக்கு.

இது புதுப் பழக்கம் இல்லை. மலைமேல் வண்டி போகும் முதல் சாலையைத் திறந்தது 1944-ல். இரண்டாவது சாலை 1974-ல் வந்தது. முதல் சாலைக்கு முன்பு யாராக இருந்தாலும் படியேறித்தான் போக வேண்டும், முடியாதவர்களுக்கு டோலி. ஏறுவதற்கு முன்னும் இறங்கிய பின்னும் கீழே ஒரு பொழுது தங்கித்தான் ஆக வேண்டும். சத்திரங்கள் இருந்தன. தெரிந்தவர் வீட்டுத் திண்ணைகளும் இருந்தன. வந்தவருக்கு ஒரு பாய், ஒரு சொம்பு தண்ணீர், ஒரு வாய்ச் சோறு என்பது இந்த ஊர் வீடுகளில் அப்போதிருந்தே பழகிப்போனது.

திருப்பதி விருந்தின் பெரிய சிக்கல், சாப்பிட வருகிறவர்கள் எப்போது வருவார்கள் என்று தெரியாது என்பதுதான். சர்வ தரிசனத்தில் கூட்டமான நாட்களில் ஒரு பகலும் இரவும் போய்விடும். கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. எனவே கேட்டும் தெரிந்துகொள்ள முடியாது. காலை 10 மணிக்கும் வருவார்கள், நள்ளிரவு 2 மணிக்கும் வருவார்கள். அதனால் நேரம் தவறினாலும் கெடாத சாப்பாடுதான் இந்த ஊர்ச் சமையலுக்கு அஸ்திவாரம். புளிக்காய்ச்சல் ஜாடி எங்கள் வீட்டில் காலியாக இருந்தது கிடையாது. நல்லெண்ணெய் மேலே மிதக்கக் காய்ச்சி எடுத்துவைத்துவிட்டால், சாதம் வடித்த அடுத்த நிமிடம் புளியோதரை தயார். எள்ளுப்பொடி, பருப்புப்பொடி, ஊறுகாய் எப்போதும் இருக்கும். தயிர் சாதத்துக்கு மாடி மாமி சொல்லிக்கொடுத்த முறை: சாதம் சூடாக இருக்கும்போதே குழைய மசித்து, ஆறவைத்த பாலை நிறைய ஊற்றி, ஒரே ஒரு கரண்டி தயிர் சேர்த்து மூடிவைக்க வேண்டும். விருந்தாளிகள் மலையிலிருந்து இறங்கும் நேரத்துக்குள் அது தானாகத் தோய்ந்திருக்கும், புளித்தும் போகாது. கடுகு, இஞ்சி, பச்சைமிளகாய் தாளிப்பதைப் பரிமாறும்போது பார்த்துக்கொள்ளலாம்.

விருந்தாளிகள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் எதிர்வீட்டு வதினா கேட்பது ஒரே கேள்விதான். "எந்த மந்தி, வதினா?" எத்தனை பேர் என்று தெரிந்தால் போதும், எத்தனை பாய், எத்தனை தலையணை என்று அவரே கணக்குப் போட்டுவிடுவார். எங்கள் வீட்டில் 4 பேருக்கு மேல் படுக்க முடியாது. மீதிப் பேர் எதிர்வீட்டு ஹாலில். குளிக்க மூன்று வீட்டுக் குளியலறைகள். அவர் வீட்டுக்குக் கடப்பாவிலிருந்து ஆட்கள் வந்தால் அதே ஏற்பாடு இந்தப் பக்கம் திரும்பும். வந்தவர்கள் தரிசனம் முடிந்து வந்ததும் முதல் லட்டை உடைத்து, தங்க இடம் கொடுத்த வீட்டுக்கும் குளிக்க இடம் கொடுத்த வீட்டுக்கும் கொடுத்துவிட்டுத்தான் மற்றதைப் பெட்டியில் கட்டுவார்கள். இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. வீட்டுப் பெரியவர் ஒருவர் செய்வதைப் பார்த்து அடுத்த தலைமுறை செய்கிறது.

இன்னொரு வழக்கம் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தால் நல்லது. காளஹஸ்தியில் ராகு கேது பூஜை செய்தவர்கள் வேறு யார் வீட்டுக்கும் போகாமல் நேரே தங்கள் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது பெரும்பாலோர் நம்பிக்கை. ஆகவே பயணத் திட்டம் போடும்போதே காளஹஸ்தியைக் கடைசியில் வைத்துவிடுவோம். திருச்சானூர், மலை, கபில தீர்த்தம், கோவிந்தராஜர் எல்லாம் முடிந்து, கடைசி நாள் காலையில் பெட்டியோடு கிளம்பி, காளஹஸ்தி பார்த்துவிட்டு அப்படியே ஊருக்கு. அன்றைக்கு இட்லியில் மிளகாய்ப்பொடி தடவி இலையில் கட்டிக் கொடுப்பது எங்கள் வேலை. வாசலில் நின்று வழியனுப்பத் தெருவே வரும்.

ஒரு தெருவில் இரண்டு புத்தாண்டு

சித்தூர், திருப்பதி ஜனங்கள் இப்படிக் கலந்து இருப்பதற்கு வரலாறும் ஒரு காரணம். 1911-ல் வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பாவிலிருந்தும் தாலுகாக்களை எடுத்துச் சேர்த்து உண்டாக்கியது சித்தூர் மாவட்டம். 1953-ல் ஆந்திரம் தனியாகப் பிரிந்தபோது சித்தூர் ஆந்திரத்தோடு போனது. 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானது. கோடுகள் மாறி மாறி விழுந்தாலும் சம்பந்தங்கள் மாறவில்லை. எங்கள் அத்தை வீடு வேலூரில், சித்தப்பா நகரியில், ஆயாவின் பிறந்தகம் திருத்தணிப் பக்கம். ஆடிக் கிருத்திகைக்குச் சித்தூரிலிருந்து காவடி எடுத்துத் திருத்தணிக்குப் போகிற வீடுகளில் பாதி தெலுங்கு பேசுகிற வீடுகள்.

இப்படிக் கலந்த தெருவில் பண்டிகைகள் ஒரே நாளில் வருவதில்லை. தெலுங்கு வீடுகளுக்குச் சந்திரனை வைத்து யுகாதி, எங்களுக்குச் சூரியனை வைத்துச் சித்திரை ஒன்று. 2024-ல் ஏப்ரல் 9 யுகாதி, ஏப்ரல் 14 எங்கள் புத்தாண்டு, நடுவே 5 நாள்தான். 2025-ல் யுகாதி மார்ச் 30-லேயே வந்துவிட்டது, இடைவெளி 15 நாள். யுகாதியன்று காலை எதிர்வீட்டிலிருந்து வேப்பம்பூ, மாங்காய், புதுப்புளி, வெல்லம், உப்பு, காரம் கலந்த பச்சடி வரும். எங்கள் புத்தாண்டுக்கு மாங்காயும் வெல்லமும் சேர்த்துக் கொதிக்கவைத்து வேப்பம்பூ வறுத்துப் போட்ட பச்சடி அங்கே போகும். அவர்களுடையது அடுப்பில் ஏறாதது, எங்களுடையது கொதித்துக் கெட்டியானது. இரண்டும் அதே மரத்து வேப்பம்பூ. தெருக்கோடி மரத்தடியில் வெள்ளைத்துணி விரித்து வைத்துவிட்டால் யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொள்ளலாம்.

இந்த நாள் வித்தியாசத்தில் ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது. யார் வீட்டில் பண்டிகையோ அவர்களுக்கு அன்று ஆயிரம் வேலை. யார் வீட்டில் பண்டிகை இல்லையோ அவர்கள் கை காலியாக இருக்கும். யுகாதிக்கு முந்தின நாள் நான் எதிர்வீட்டில் போளிக்குப் பூரணம் அரைத்துக்கொண்டிருப்பேன். கடலைப்பருப்பு குழைந்துவிடாமல் மலர்ந்த பதத்தில் வடித்து, வெல்லத்தோடு சேர்த்து, தண்ணீர் விடாமல் அரைக்க வேண்டும். வடித்த பருப்புத் தண்ணீரைக் கொட்டக்கூடாது, அதுதான் மறுநாள் ரசம். மாவைத் தட்டி வாட்டும் வேலை அந்த வீட்டு அத்தம்மாவுடையது, அதை யாரிடமும் விட மாட்டார். எங்கள் புத்தாண்டுக்கு வதினா காலையிலேயே வந்து வாழைக்காய் நறுக்கி, வடைக்கு உளுந்து அரைத்துக் கொடுத்துவிட்டுப் போவார்.

தீபாவளியில் ஒரே நாளுக்குள்ளேயே இந்த முறை நடக்கும். எங்களுக்கு விடியற்காலை எண்ணெய்க் குளியல், லேகியம், புதுத்துணி, இட்லி. தெலுங்கு வீடுகளில் பெரிய விசேஷம் சாயங்காலம், அமாவாசை லட்சுமி பூஜைக்கு. காலையில் எங்கள் வீட்டில் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் இட்லி. பகல் முழுக்க அவர்கள் சமையலுக்கு நாங்கள் கூடமாட நிற்போம். சாயங்காலம் எல்லோரும் அங்கே. சைவ மாதமும் அப்படித்தான். புரட்டாசியில் எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. தீபாவளிக்கு மறுநாள் பிறக்கும் கார்த்திக மாசத்தில் அவர்கள் வீட்டில் கிடையாது. ஒருவர் விரதத்தில் இருக்கும்போது மற்றவர் வீட்டில் மீன் பொரித்தால் வாசல் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பொரிப்பார்கள். யாரும் கேட்டுச் செய்வதில்லை.

ரம்ஜானுக்குப் பாய் வீட்டு அக்கா எங்களுக்குச் சேமியாவும் பாலும் பேரீச்சையும் போட்ட ஷீர் குர்மா அனுப்புவார். மாடி மாமிக்கு அது சமைத்ததாகப் போகாது. ஒரு தட்டில் பழமும் முழு முந்திரியும் பாதாமும் வைத்துத் தனியாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். மாமி நவராத்திரிக் கொலுவுக்கு முதல் ஆளாக அவரைத்தான் கூப்பிடுவார். ஒவ்வொரு வீட்டுக்கும் என்ன ஆகும், என்ன ஆகாது என்பது தெருவுக்கே மனப்பாடம்.

சித்தூர்ப் பொங்கலும் பிதுக்குப் பருப்பும்

பொங்கல் மட்டும் எல்லோருக்கும் ஒரே நாள். போகி, பொங்கல், கனுமு என்கிற மாட்டுப் பொங்கல். அதற்கு நான் சித்தூருக்குப் போய்விடுவேன். மார்கழி பாதியிலிருந்தே சித்தூர் மார்க்கெட்டில் பச்சை மொச்சைக்காய் குவியும். தெலுங்கில் அனபகாய். உரிக்கும்போது காயின் தோலிலிருந்து ஒரு பிசின் விரலில் ஒட்டும், அந்த வாசனை கை கழுவினாலும் போகாது. எங்களுக்கு அதுதான் பொங்கல் வருகிறது என்பதற்கு அடையாளம்.

காயை உரித்து, கொட்டைகளை ராத்திரி தண்ணீரில் ஊறப்போட வேண்டும். காலையில் ஒவ்வொரு கொட்டையாக எடுத்து, கண்ணுக்கு எதிர்ப்பக்கமாகக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரு அழுத்து. தோல் விரலில் நின்றுவிடும், பருப்பு துள்ளிக் கிண்ணத்தில் விழும். ரொம்ப அழுத்தினால் இரண்டாக உடைந்துவிடும். குறைவாக அழுத்தினால் வராது. பை நிறையக் காய் வாங்கினால் கடைசியில் கையில் நிற்பது ஒரு கிண்ணம் பருப்பு. ஒரே ஆள் உட்கார்ந்தால் அரை நாள் போய்விடும். அதனால் சித்தூரில் இதை யாரும் ஒரே ஆளாகச் செய்வதில்லை. அம்மா வீட்டு வாசலில் பாய் போட்டு, அக்கம்பக்கத்துப் பெண்கள் அவரவர் பாத்திரத்தோடு வந்து உட்காருவார்கள். முதலில் ஒருவர் வீட்டுப் பருப்பு முடியும், பிறகு அடுத்தவருடையது. பிள்ளைகளையும் உட்காரவைப்போம். அவர்களின் சின்ன விரலுக்கு இது நன்றாக வரும். அந்த வருஷத்துக் கல்யாணப் பேச்சு, வீடு கட்டும் பேச்சு, யாருக்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் அந்தப் பாயில்தான் தெரியவரும்.

பிதுக்குப் பருப்புக் குழம்பு இப்படி. வெங்காயம், இஞ்சி, பூண்டு, பட்டை, கிராம்பு, தனியா, காய்ந்த மிளகாய் வதக்கி, தேங்காயும் கொஞ்சம் கசகசாவும் சேர்த்து மைய அரைத்துக்கொள்ள வேண்டும். எண்ணெயில் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, தக்காளி வதங்கியதும் கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் போட்டு, அரைத்த மசாலாவை ஊற்றிக் கொதிக்கவிட வேண்டும். பருப்பைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும், அது சீக்கிரம் வெந்துவிடும். கரண்டியைப் போட்டு ஓயாமல் கிண்டக் கூடாது, பருப்பு முழுசாகத் தெரிய வேண்டும். கறிக்குழம்பின் மணம், பச்சைக் கொட்டையின் இனிப்பு. போகியன்று இட்லிக்கும் தோசைக்கும் இதுதான். வேலூர்ப் பக்கம் இதையே பிதுக்கம் பருப்பு என்று வைப்பார்கள். எங்கள் எதிர்வீட்டு வதினா பிதிகிபப்பு என்பார். அவர் தக்காளியைக் குறைத்துப் புளி கொஞ்சம் விடுவார். எனக்கு அதுவும் பிடிக்கும்.

கரும்பு ஆட்டும் காலம் என்பதால் புது வெல்லமும் அப்போதுதான் வரும். சர்க்கரைப் பொங்கலுக்குப் புது வெல்லம் போட்டால் நிறம் கொஞ்சம் மங்கல், மணம் தனி. அதிரசத்துக்குப் பாகு எடுப்பது ஒருவர் பொறுப்பு, மாவு இடிப்பது இன்னொருவர், சுடுவது மூன்றாமவர். எல்லா வீட்டுக்கும் ஒரே சட்டியில் சுட்டு எடுத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். ஒரே நாளில் எல்லோருக்கும் பண்டிகை என்றால் வேலையைத்தான் பங்குபோட வேண்டும்.

கனுமு நாளில் காக்கைகூட இடத்தைவிட்டு நகராது என்று தெலுங்கில் ஒரு பழமொழி உண்டு. அன்றைக்கு யாரும் ஊருக்குக் கிளம்பக் கூடாது. பொங்கலுக்கு வந்த மருமகனும் பேரப்பிள்ளைகளும் இன்னொரு நாள் இருந்தே ஆக வேண்டும். அவர்களுக்காகத்தான் அன்றைய சாப்பாடு: நாட்டுக்கோழிக் குழம்பு, கேழ்வரகுச் சங்கடி, காராமணி வடை. சந்திரகிரிக்குப் பக்கத்தில் ரங்கம்பேட்டையில் மாடுகளின் கொம்பில் பலகை கட்டி ஓடவிடும் பசுவுல பண்டுகையைப் பார்க்க ஆண்பிள்ளைகள் போய்விட்டு, பசியோடு திரும்புவார்கள்.

சங்கடி கிண்டுவதைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பங்கு நொய்யைத் தண்ணீர் நிறைய விட்டுக் குழைய வேகவிட வேண்டும். அதன்மேல் இரண்டு பங்கு கேழ்வரகு மாவைக் குவியலாகக் கொட்டி, கட்டையின் காம்பால் நடுவில் ஒரு குழி விட்டு மூடி, தணலைக் குறைத்துவிட வேண்டும். கிண்டக் கூடாது. குழி வழியாக ஆவி மேலே வந்து மாவு வேகும். மாவின் பச்சை வாசனை போனதும் சட்டியை இறக்கி, இரண்டு பாதத்தாலும் துணியோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சங்கடிக் கட்டையால் அடித்துக் கிண்ட வேண்டும். ஒருவர் பிடிக்க, ஒருவர் கிண்ட வேண்டும். கையைத் தண்ணீரில் நனைத்து உருண்டை பிடித்து, நடுவில் பள்ளம் செய்து குழம்பை ஊற்றிக்கொள்வது. கோழி சாப்பிடாதவர்களுக்கு வேர்க்கடலையும் காய்ந்த மிளகாயும் பூண்டும் புளியும் வைத்து அரைத்த சட்னி. சித்தூர் மண் வேர்க்கடலை மண். அந்தச் சட்னி இல்லாமல் எங்களுக்கு ஒரு வேளையும் நிறையாது.

கங்கம்மா வரும் வாரம்

2024-ல் வந்த 'புஷ்பா 2' படத்துக்குப் பிறகு கங்கம்மா ஜாத்திரையைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். எங்கள் தெருவுக்கு அது மே மாத வாரம். சாட்டிம்பு (ஜாத்திரை அறிவிப்பு) ஆனதும் ஊரைவிட்டு யாரும் வெளியே போகக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். கங்கம்மா வேங்கடேசப் பெருமாளின் தங்கை என்பது ஊர் நம்பிக்கை. அவளுக்குப் பிறந்தகம் அவிலாலா கிராமம், அங்கிருந்து சீர் வரும். மலையிலிருந்து தேவஸ்தானமும் தங்கைக்கு மஞ்சள் குங்குமத்தோடு சீர் அனுப்பும்.

அந்த வாரம் நாளுக்கு ஒரு வேஷம். உடம்பெங்கும் வெள்ளை பூசிக்கொண்டு பைராகி வேஷம், குங்குமச் சிவப்பில் பண்ட வேஷம், கரியைப் பூசிக்கொண்டு தோட்டி வேஷம், பிறகு தொர, மாதங்கி. ஆண்கள் புடவை கட்டி, பூ வைத்து, வளையல் போட்டு வேண்டுதல் நிறைவேற்றுவார்கள். எதிர்வீட்டு வதினாவின் மகனுக்கு என் புடவையை நான்தான் கட்டிவிடுவேன். கொசுவம் பிரியாமல் நடக்கச் சொல்லிக்கொடுப்பது மாடி மாமி. மே மாத வெயில் திருப்பதியில் 40 டிகிரியைத் தாண்டும். வேஷக்காரர்களுக்கும் கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் வாசலில் அண்டா வைத்துக் கேழ்வரகு அம்பலி ஊற்றுவோம். ராத்திரியே கரைத்துப் புளிக்கவைத்த மாவைக் காய்ச்சி, ஆறியதும் மோரும் உப்பும் சின்ன வெங்காயமும். அண்டா பாய் வீட்டிலிருந்து வரும், மோர் மாமி வீட்டிலிருந்து, மாவு எங்கள் இரண்டு வீட்டிலிருந்தும். யார் வீட்டு அம்பலி என்று கேட்டால் தெருப் பெயரைத்தான் சொல்வோம். கடைசி நாள் விடிவதற்குள் அம்மனின் களிமண் முகத்தைக் கலைத்து மண்ணைப் பிரசாதமாகக் கொடுப்பார்கள். ஒரு துளி மண் எல்லா வீட்டுக்கும் வந்து சேரும்.

பண்டிகை இல்லாத நாட்கள்

இத்தனையும் பண்டிகையில் மட்டும் நடந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். சித்தூரில் எங்கள் அம்மா வீட்டுக்கு வேறு வகை விருந்தாளிகள் வருவார்கள். வேலூர் சி.எம்.சி. அங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டர். கடப்பா, மதனபள்ளிப் பக்கத்துச் சொந்தங்கள் வைத்தியத்துக்குப் போகும்போது சித்தூரில் தங்கிப் போவார்கள். அவர்களுக்கு வடை பாயசம் தேவையில்லை. விடிகாலை பஸ்ஸுக்கு முன்னால் பிளாஸ்கில் கேழ்வரகுக் கஞ்சி, டப்பாவில் ரசம் சாதம். அம்மாவுக்கு முடியாத நாளில் பக்கத்து வீட்டுப் பின்னம்மா செய்து கொண்டுவந்து வைப்பார். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்குத் தெருவில் நாலு பேர் "போய்வா, சரியாயிரும்" என்று சொல்வது மருந்துக்குச் சமம் என்று அம்மா சொல்வார். நானும் அப்படித்தான் நம்புகிறேன்.

பழைய சித்தூர் மாவட்டத்துத் தரிகொண்டாவில் 18-ஆம் நூற்றாண்டில் பிறந்த வெங்கமாம்பாவை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. சின்ன வயதிலேயே கணவனை இழந்தவர், கவிஞர். திருமலையில் குடியேறி, நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போட்டார். பல ஊர்க்காரர்கள் தந்த கொடையைச் சேர்த்துத்தான் அதை நடத்தினார். 1985-ல் தேவஸ்தானம் நித்திய அன்னதானத்தைத் தொடங்கியது. இன்று மலைமேல் இருக்கும் பெரிய அன்னப்பிரசாதக் கூடத்துக்கு அவர் பெயர்தான். அன்னமிட்டு இத்தனை பெரிய பெயர் எடுத்த அந்த அம்மாளும் ஒரு கையால் செய்யவில்லை, பல கைகளைச் சேர்த்துக்கொண்டார். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அவர்தான் முன்னோடி.

இன்றைக்கு எங்கள் தெருவிலும் அபார்ட்மெண்ட் வந்துவிட்டது. கதவு சாத்தியே இருக்கிற வீடுகள் உண்டு. விருந்தாளி வந்தால் போனிலேயே ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்கு அது பெரிய உதவி, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வருத்தம் வேறு இடத்தில். பல பெண்கள் பண்டிகையைத் தனியாகத் தூக்கிச் சுமக்கிறார்கள். முந்தின நாளே தொடங்கி, நின்றே வேலை செய்து, எல்லோரும் சாப்பிட்ட பிறகு பசி செத்துப்போய் உட்காருகிறார்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டக் கூச்சம். உதவி கேட்டால் கெட்டிக்காரத்தனம் குறைந்துவிடும் என்ற எண்ணம். விருந்து வைக்கும் வீட்டுப் பெண் களைத்துச் சாப்பிடாமல் கிடந்தால் அந்த விருந்து பாதி விருந்துதான்.

எங்கள் தெருவில் பெண்கள் மட்டும் வேலை செய்து ஆண்கள் இலை முன்னால் உட்காருவது இப்போது குறைந்துவருகிறது. சங்கடி கிண்டும் பலம் இருக்கிற பையனுக்குக் கட்டையைக் கொடுத்துவிடுகிறோம். மொச்சை பிதுக்கும் பாயில் மருமகன்களும் உட்காருகிறார்கள். முதல் வருஷம் கூச்சப்பட்டவர்கள் மறுவருஷம் தாங்களாகவே பாயை விரித்தார்கள்.

இதைப் படிக்கிற நீங்கள் சென்னையில் இருக்கலாம், பெங்களூரில் இருக்கலாம், வெளிநாட்டில் பத்தாவது மாடியில் இருக்கலாம். உங்கள் பக்கத்து வீட்டில் வேறு மொழி, வேறு சாமி, வேறு காலண்டர் இருக்கக்கூடும். அதைப் பெரிய பாக்கியமாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பண்டிகை நாளில் அவர்கள் கை காலியாக இருக்கும், அவர்கள் பண்டிகை நாளில் உங்கள் கை. வருகிற பொங்கலுக்கு ஒரு கிலோ மொச்சைக்காய் கூடுதலாக வாங்கி, உரித்து, ராத்திரியே ஊறப்போட்டுவையுங்கள். காலையில் பக்கத்து வீட்டைக் கூப்பிடுங்கள். சாப்பிட மட்டும் கூப்பிடாதீர்கள், சமைக்கவும் கூப்பிடுங்கள்.